மிஸ் லொக் அவுட் செய்த பிறகு

பிள்ளைகளா, இதை ஆபீஸ் தபால் கணக்கு எழுதுகிற பழைய தப்பால் புத்தகத்தில் மிஞ்சிய பக்கங்களில் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். சின்னவனே, நீ சிரிக்காமல் வாசி.

பெரியவளே, வருகிற திங்கட்கிழமை நீ தாதியர் பயிற்சிக்கு பஸ் ஏறுகிறாய். போன வாரம் பெட்டியில் வைப்பதற்காக உன் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, நான் பொறந்து பத்து வருஷம் கழிச்சுப் பதிஞ்சிருக்கு?" என்று கேட்டாய். "அது ஒரு மிஸ்ஸால கெடச்சது" என்று மட்டும் சொல்லிவிட்டு, விறகு வெட்டப் போகிறவன் மாதிரி வெளியே போய்விட்டேன். வீட்டில் விறகு நிறையவே இருந்தது. உங்கள் அம்மா, "புள்ளைக்கு ஒழுங்காச் சொல்லுங்க" என்றாள். வாயால் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மிஸ்ஸின் பெயரை எழுதப்போவதில்லை. மறந்துபோனதால் இல்லை. ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கிற நம் தேயிலைத் தோட்டத்து ஆபீஸுக்குக் கிளாக்காக அவர் வந்த மூன்றாம் நாள், கம்பியூட்டரில் உள்ளே போவதற்கு ஒரு பெயர் கொடுக்கச் சொன்னார்கள். அவர் தன் பெயரைக் கொடுக்காமல் 'ஆபீஸ்' என்று கொடுத்தார். பெரிய கிளாக்கர் ஐயா காரணம் கேட்டார்.

"என்ரை பேரைக் குடுத்தா, நான் போன பிறகு எல்லாம் என்ரை பேருக்குள்ளை பூட்டுப்பட்டுக் கிடக்கும் ஐயா."

வந்து மூன்றாம் நாளே போவதைப் பற்றிப் பேசுகிற ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தன் பெயரை ஒரு பெட்டிக்குள்கூட விட்டுவைக்க விரும்பாதவரின் பெயரை இந்தப் புத்தகத்தில் மட்டும் எப்படி எழுதுவேன்?

அவர் யாழ்ப்பாணப் பக்கம். நாற்பது வயது இருக்கும். மெலிந்த ஆள், நடை மட்டும் வேகம். சிங்களம் வராது. சரி என்பதற்கு அவர்கள் சொல்கிற 'ஹரி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் சமாளித்தார். டவுனில் யாராவது நீளமாகப் பேசினால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் தமிழில் சொல்வேன். ரத்தம் குடிக்கிற அட்டைக்கு மிகவும் பயம். காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டுதான் குவார்ட்டர்ஸில் இருந்து வருவார். மழை நாளில் அவர் நடந்து வந்தால் சப்பாத்தில் இருந்து நுரை கிளம்பும். "மிஸ் வர்றாங்க, இன்னைக்கு வராண்டாவ நீ கழுவ வேண்டாம்டா" என்பார் பெரிய கிளாக்கர். மிஸ் கோபிக்கமாட்டார். "கழுவின காசை அண்ணையிட்டையே குடுங்கோ" என்பார். அண்ணை என்றது என்னை. ஆபீஸைத் திறந்து, பூட்டி, தபால் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தப்பால்காரனை அதுவரை யாரும் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்தால் கம்பியூட்டரில் லொக் அவுட் செய்துவிட்டுத்தான் எழுவார். தேத்தண்ணி குடிக்க ஜன்னலுக்குப் போனாலும் அப்படித்தான்.

"ரெண்டு எட்டு தள்ளித்தானே மிஸ் போறீங்க. திருடனா வரப்போறான்?" என்றார் பெரிய கிளாக்கர்.

"கள்ளனுக்கில்லை ஐயா. நான் திரும்பி வராட்டி?"

 மிஸ் போன பிறகு பெரிய கிளாக்கர் என்னிடம், "ஜன்னலுக்குப் போற ஆளு ஏன்டா திரும்பி வராம போகணும்?" என்று கேட்டார். எனக்கும் விளங்கவில்லை.

எல்லாவற்றிலும் அவர் அப்படித்தான். அலுமாரிச் சாவிக்கு (மிஸ் அதைத் திறப்பு என்பார்) நகல் வெட்டித் தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்து வைத்தார். பாஸ்வேர்டை எழுதி, கடிதவுறையில் போட்டு ஒட்டி, பெரிய கிளாக்கரின் மேசை லாச்சிக்குள் வைத்தார். தான் செய்கிற ஒவ்வொரு வேலையையும் இன்னும் ஒருவருக்காவது காட்டிக் கொடுத்தார். வராண்டாவில் இருந்த அந்தூரியச் சட்டிகளில், தண்ணீர் நிரப்பிய போத்தலை மூடியில் ஒரு சின்னத் துளை போட்டுத் தலைகீழாகக் குத்தி வைத்தார். நான்கு நாள் லீவில் போனாலும் செடி வாடாது. லீவில் இருக்கும்போது ஆபீஸில் இருந்து அவருக்கு ஒரு போன்கூடப் போகாது. போனால் அதைத் தன் தோல்வியாக நினைப்பார்.

உங்கள் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "அந்த மிஸ்ஸுக்கு இங்க மனசு ஒட்டல. எந்நேரமும் பொட்டி கட்டி வச்ச மாதிரியே இருக்காங்க" என்பாள். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் பட்டது. நம்மோடு சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பார். ஆனால் அவர் இல்லாமல் போகிற ஒரு நாளுக்காகவே எல்லா வேலையும் செய்கிறார் என்று தெரியும். கிட்டத்தில் இருக்கும்போதே அது ஒரு மாதிரியாக இருக்கும்.

இனி புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டிஸ்பென்சரியில் ஒரு பெரிய பிறப்புப் புத்தகம் இருந்தது. தோட்டத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு வரி. தேதி, நேரம், தாய் பெயர், தகப்பன் பெயர், எடை. பிரசவம் பார்க்கிற சிங்கள அம்மா, மிட்வைஃப் நோனா, எழுதுவார். அந்த வரியைக் காட்டித்தான் டவுனில் பிறப்பைப் பதிவு செய்வோம். ஒரு நாள் ஏதோ மருந்து வாங்கப் போன மிஸ் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். பின்னட்டையைக் கறையான் தின்றுகொண்டிருந்தது. அன்றைக்கே அதைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்துவிட்டார். மிட்வைஃப் நோனா சிங்களத்தில் சத்தம் போட்டுக்கொண்டே பின்னால் வந்தார். நான் இடையில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிக் கொடுத்தேன்.

"நோனா சொல்றாங்க, புத்தகம் வெளிய போகக்கூடாதாம்."

"நான் வெளியிலை கொண்டு போகேல்லை எண்டு சொல்லுங்கோ. படம் எடுத்திட்டுக் குடுக்கிறன்."

"படம் எடுத்து என்ன செய்யன்னு கேக்குறாங்க."

"கறையானிட்டைக் கேக்கச் சொல்லுங்கோ."

அதை நான் சிங்களத்தில் சொன்னதும் நோனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்று வாரம் நான் பக்கம் புரட்ட, மிஸ் ஸ்கேன் செய்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு படம். இடையில் ஒரு நாள், இவ்வளவு பாடு எதற்கு மிஸ் என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எங்கடை பக்கம் ஒருக்கா எல்லாத்தையும் விட்டிட்டு வெளிக்கிட்டனாங்கள் அண்ணை. பள்ளிக்கூடத்திலை பிள்ளையளின்ரை பேர் பதிஞ்ச இடாப்பு முழுக்க ஒரு அலுமாரியிலை இருந்தது. திறப்பு ஒருத்தரிட்டை. அவர் வரேல்லை." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "நல்ல மனுசன். அவரிலை ஒரு பிழையும் இல்லை. எல்லாம் அவரோடை இருந்தது, அதுதான் பிழை" என்றார்.

அதற்குப் பிறகு அவர் லொக் அவுட் செய்வதைப் பார்த்து நான் சிரிக்கவில்லை.

புரட்டிக்கொண்டே வந்தபோது உன் வரி வந்தது, பெரியவளே. காலை நாலு பத்து, இரண்டு கிலோ தொள்ளாயிரம். பக்கத்தில் என் பெயரும் அம்மா பெயரும். மிஸ் விரலை வைத்துக்கொண்டு, "இது உங்கடை மகள் எல்லோ? சேர்ட்டிபிகேட் எடுத்தாச்சோ?" என்று கேட்டார்.

"ஆமாங்க மிஸ்" என்றேன்.

அது பொய்.

நடந்ததை இப்போது எழுதிவிடுகிறேன். நீ பிறந்த மாதம் அந்தப் படிவத்தை நிரப்பி, தப்பால் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். வழியில் ஆறு பெருகி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கடந்தேன். மற்றவர்களின் கடிதங்களைத் தலையில் வைத்தேன். நம்முடையதை இடுப்பில் செருகினேன். அது கூழாகிப்போனது. திரும்பப் போய் நோனாவிடம் இன்னொரு படிவம் கேட்க வெட்கம். ஊரார் படிவம் எல்லாம் பத்திரமாகக் கொண்டு சேர்க்கிறவன் தன் பிள்ளையின் படிவத்தை நனைத்துவிட்டான் என்று சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் என்றேன். பதிவதற்கான மூன்று மாதக் கெடு தாண்டியது. தாண்டிய பிறகு டவுனில் பதிவுக் கந்தோருக்குப் போனால் ஏசுவார்கள் என்று பயம். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் டிஸ்பென்சரித் துண்டைப் பார்த்து உன்னைச் சேர்த்துக்கொண்டார். ஒவ்வொரு வருஷமும் கேட்பார். ஒவ்வொரு வருஷமும் "கொண்டாறேங்க சார்" என்பேன். அப்படியே பத்து வருஷம். ஓ.எல். பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும், அதற்கு அந்தச் சான்றிதழ் வேண்டும் என்பது தெரியாமல் இல்லை. இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்தேன். உங்கள் அம்மாவிடம், பதிந்துவிட்டேன், ஆபீஸ் ஃபைலில் இருக்கிறது என்று சொல்லியிருந்தேன்.

ஸ்கேன் முடிந்த அடுத்த மாதம் டிஸ்பென்சரிக் கூரை ஒழுகியது. கறையான் தின்று மிஞ்சியதைத் தண்ணீர் தின்றது. புத்தகத்தைத் தூக்கினால் மண் மாதிரி உதிர்ந்தது. அதற்குப் பிறகு உன் வரி உலகத்திலேயே ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. மிஸ்ஸின் மேசையில் இருந்த கம்பியூட்டருக்குள்.

அது மிஸ்ஸுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. எனக்கும் கெடுத்தது. என் காரணம் அவருக்குத் தெரியாது.

தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் கேட்டு இரண்டு வெளி டிரைவ் வாங்கினார். சவர்க்காரக் கட்டி அளவு, கறுப்பு நிறம். ஒன்றுக்குச் சிவப்பு நாடாவும் மற்றதுக்குப் பச்சை நாடாவும் ஒட்டினார். கம்பியூட்டரில் இருப்பதை எல்லாம் ஒவ்வொரு நாளும் இதில் ஒன்றில் தானாகவே நகல் எடுக்க வேண்டும், அடுத்த நாள் மற்றதில். இரண்டுக்கும் கம்பியூட்டரில் ஒரே எழுத்தைக் கொடுத்தார், இல்லாவிட்டால் எதில் எழுதுவது என்று அது குழம்பிப்போகுமாம். பகலில் ஆட்கள் வேலை செய்கிறார்கள், ஃபெக்டரி ஓடும்போது கரண்டும் ஏறி இறங்கும். ஆகவே எல்லாரும் போன பிறகு மாலை ஆறு மணிக்கு என்று நேரம் வைத்தார்.

அடுத்த நாள் பார்த்தால் டிரைவ் காலி. அடுத்த நாளும் காலி. எனக்கு விளங்கிய மட்டில் காரணம் இதுதான்: யாராவது லொக் இன் செய்து உள்ளே இருந்தால்தான் அந்த வேலை ஓடும் என்று இருந்தது. மிஸ்தான் நாலரைக்கே லொக் அவுட் செய்துவிட்டுப் போகிறவராயிற்றே.

"அப்ப லொக் அவுட் செய்யாம போயிருங்களேன் மிஸ்" என்றார் பெரிய கிளாக்கர்.

"ஆள் உள்ளை இருந்தாத்தான் ஓடும் எண்டா அது பெக்கப் இல்லை ஐயா. அது காவல் வேலை."

தேடித் தேடி, ஆள் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு என்கிற இடத்தைக் கண்டுபிடித்து அடையாளம் இட்டார். அது ஒருமுறை பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தார். அன்று மாலை லொக் அவுட் செய்துவிட்டு வராண்டா பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நானும் நின்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். திரை கறுப்பாக இருந்தது. மணி ஆறு அடித்தது. டிரைவின் ஓரத்தில் ஒரு நீல விளக்கு சிமிட்டத் தொடங்கியது. உள்ளே ஒருவரும் இல்லை. யாருமே இல்லாத அறையில், யாரும் சொல்லாமல், அது நம் பிள்ளைகளின் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதிக்கொண்டிருந்தது.

"ஹரி" என்றார் மிஸ். ஒரு வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் சரியான இடத்தில் சொன்னது அன்றைக்குத்தான்.

"இனி மெயின் சுவிட்சை மட்டும் ஓஃப் பண்ணாதேங்கோ அண்ணை."

"சரிங்க மிஸ்."

அதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. நம் பக்கத்து இடியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வானம் உறுமினால் லயத்து வீடுகள் முழுக்க வயரைப் பிடுங்குகிற சத்தம் கேட்கும். டிஸ்பென்சரிக்குப் பக்கத்தில் இருந்த பலா மரம் ஒரு நாள் இரண்டாகப் பிளந்தது. மேல் லயத்தில் இரண்டு டீவி கருகியது. இடிக்காலத்தில் ஆபீஸைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை இறக்குவது எனக்குக் கை பழகிய வேலை. அன்று மாலை அந்தச் சுவிட்சின் முன்னால் நின்றேன். உள்ளே இருக்கிற கம்பியூட்டரை நினைத்தேன். அதற்குள் இருக்கிற உன் வரியை நினைத்தேன். இறக்கிவிட்டேன். காலையில் மிஸ் வருவதற்கு முன் ஏற்றி, கம்பியூட்டர் பொத்தானையும் அழுத்திவிட்டேன். ஒரு நாள் போனால் என்ன என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு மாலையும் வானம் கறுத்தது. ஒவ்வொரு மாலையும் இறக்கினேன். காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன், பிள்ளைகளா.

மிஸ்ஸிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. மாதம் பிறந்தால் டிரைவில் இருந்து ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பார்ப்பார். "கொப்பி இருக்கெண்டு நம்பக்கூடாது. திறந்து பாக்க வேணும்" என்பார். அந்த மாதம் திறந்து பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பத்தொன்பது நாளாக ஒரு நகலும் இல்லை.

தன் மேல்தான் சந்தேகப்பட்டார். அந்த அடையாளத்தை எடுத்து மறுபடி இட்டார். பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தார். கொழும்பில் யாரையோ கூப்பிட்டுக் கேட்டார். மத்தியானம் சாப்பிடவில்லை. நான் தேத்தண்ணி வைத்தேன், வைத்த இடத்திலேயே ஆறிப்போனது. சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை பக்கத்தில் போனேன். இரண்டு முறையும், "தபால் ஏதும் இருக்குங்களா மிஸ்?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் அவர் பெரிய கிளாக்கரிடம், "நான் இனி லொக் அவுட் பண்ணமாட்டன் ஐயா. பின்னேரம் ஏழு மணி வரைக்கும் நானே இருந்து பாக்கிறன்" என்றார். பெரிய கிளாக்கர் கேலி செய்யவில்லை. தன் குணத்தையே ஒருவர் கழற்றி மேசையில் வைப்பதைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

"மிஸ், நான்தாங்க."

"என்ன நீங்கள்?"

"மெயின் சுவிட்ச. இடிக்குப் பயந்து சாயங்காலம் எறக்கிருவேங்க. காலையில ஏத்திருவேன்."

ஏசுவார் என்று நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மெல்லச் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

"ஆள் இல்லாட்டி எப்பிடி ஓட வைக்கிறது எண்டு இவ்வளவு நாள் மண்டையைப் போட்டு உடைச்சன். நல்ல ஆள் ஒருத்தர் இருந்தா என்ன நடக்கும் எண்டு யோசிக்கேல்லை."

"தப்புதாங்க மிஸ்."

"இல்லை அண்ணை. உங்கடை பயமும் சரிதான். எனக்கு இந்த ஊர் வானம் தெரியாது. நீங்களே சொல்லுங்கோ, எந்த நேரம் இடி வராது?"

என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டதில்லை. "விடியக்காலையிலங்க. மத்தியானம் ரெண்டு மணிக்குப் பெறகுதான் மூட்டம் கட்டும். காலையில வானம் கழுவுன மாதிரி இருக்கும். ஆறு மணிக்கு நான் வந்து தொறக்குறேன்."

அதன்படியே மாற்றினார். கரண்ட் வந்ததும் கம்பியூட்டர் தானே எழுந்துகொள்கிற மாதிரியும் ஏதோ செய்தார். காலை ஆறு மணிக்கு நான் மெயின் சுவிட்சைப் போட வேண்டும், அவ்வளவுதான். ஒருவரும் லொக் இன் செய்யாமலே அது எழும், நகல் எடுக்கும், விளக்கு நிற்கும். நிற்கும் வரை நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு டிரைவைக் கழற்றித் தப்பால் பையில் போட்டு டிஸ்பென்சரி அலுமாரியில் வைத்துவிட்டு, அடுத்த நாளைக்கு மற்றதைக் கொண்டுவருவேன். "பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை அண்ணை. அதுக்குத்தானே இவ்வளவும் செய்தது" என்பார் மிஸ். எனக்கு எழுந்து போக மனம் வராது.

கார்த்திகையில் ஒரு பிற்பகல். முதல் இடியே தலைக்கு மேல் விழுந்தது. நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். மின்னல் அந்த வழியாக வரவில்லை. டெலிபோன் வயர் வழியாக வந்தது. இன்டர்நெட் பெட்டியில் இருந்து ஒரு சத்தம், ஒரு வாடை. கம்பியூட்டர் செத்துப்போனது.

பெரிய கிளாக்கர், "போனாப் போகுது, ஆளுக்கு ஒண்ணுமில்லையே" என்றார். மிஸ்ஸும் அமைதியாகத்தான் இருந்தார். நான்தான் சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன். காலையில் நானே கொண்டுபோய் வைத்த டிரைவ் நினைவுக்கே வரவில்லை. மிஸ் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டார்.

"என்ன அண்ணை? அதிலை உங்கடை என்ன இருக்கு?"

சொன்னேன். ஆற்றையும் படிவத்தையும் பத்து வருஷத்தையும் சொன்னேன். அவரிடம் சொன்ன பொய்யையும் அம்மாவிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

அவர் எழுந்து குடையை எடுத்தார். "வாங்கோ" என்றார். அந்த மழையில், அட்டைகளுக்கு நடுவில், சவர்க்காரம் தேய்க்க மறந்த காலோடு டிஸ்பென்சரிக்கு நடந்தார். அலுமாரியைத் திறந்தார். அன்று காலை நான் வைத்த சிவப்பு நாடா டிரைவ் இருந்தது. மழை விட்டதும் அங்கே இருந்த டாக்டர் ஐயாவின் லேப்டொப்பில் சொருகினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணை, திரும்புங்கோ."

திரும்பினேன். காலை நாலு பத்து. இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

மிஸ் தன் கணுக்காலில் இருந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டே, "நாளைக்கு இதைப் பிரிண்ட் எடுத்துத் தொரையிட்டைக் கையெழுத்து வாங்கித் தாறன். இந்தத் தபாலை நீங்கள்தான் கொண்டு போக வேணும். பையிலை வேண்டாம், தலையிலை வையுங்கோ" என்றார்.

அந்த இரவே அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே ஹெட்மாஸ்டரிடம் போய்க் கடிதம் வாங்கிவந்தாள். மிட்வைஃப் நோனா கூடவே டவுனுக்கு வந்து, இந்தப் பிள்ளையை என் கையால்தான் எடுத்தேன் என்று சொன்னார். நான் பயந்த மாதிரி யாரும் ஏசவில்லை. ஐந்து முறை அலைய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உன் சான்றிதழில் இருக்கிற தேதி அதுதான், மகளே. பத்து வருஷம் பிந்தியது என் வெட்கத்தால். கிடைத்தது ஒரு மிஸ்ஸின் பழக்கத்தால்.

அடுத்த சித்திரையில் அவருக்கு இடமாற்றம் வந்தது. மிஸ்ஸின் பெயர் போட்ட கேக் ஒன்று செய்யச் சொல்லியிருந்தார் பெரிய கிளாக்கர். மிஸ் அந்தப் பெயரைத்தான் முதலில் வெட்டி எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தார். நாலரைக்கு லொக் அவுட் செய்தார். திறப்பை மேசையில் வைத்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போனேன்.

"ஏதும் சந்தேகம்னா போன் பண்ணலாங்களா மிஸ்?"

"பண்ணலாம். ஆனா தேவைப்படாது."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. மனம் ஒட்டாத ஆள் இவ்வளவும் செய்திருக்க மாட்டார்.

நான் போன் செய்யவே இல்லை. தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். மிச்சத்தைச் செவ்வாய்க்கிழமை எழுதுகிறேன். நேற்று நீ போய்விட்டாய். சின்னவன் பஸ் மறைகிற வரை கையாட்டினான். நீ ஜன்னல் வழியாக, "காலையில காலையில கூப்பிடாதீங்கப்பா, நானே எடுக்கிறேன்" என்றாய்.

இன்று ஆறு மணிக்கு ஆபீஸைத் திறந்தேன். இப்போது வேறு கிளாக், வேறு கம்பியூட்டர், வேறு டிரைவ். நாடா மட்டும் அதே சிவப்பும் பச்சையும். மெயின் சுவிட்சைப் போட்டேன். கம்பியூட்டர் எழுந்தது. நீல விளக்கு சிமிட்டத் தொடங்கியது. வழக்கம்போல ஸ்டூலை இழுத்தேன். பிறகு அதை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அந்தூரியச் சட்டியில் போத்தல் காலியாக இருந்தது. குழாயடிக்குப் போய் நிரப்பி, தலைகீழாகக் குத்தி வைத்தேன். ஜன்னல் பக்கத்தில்தான் இருந்தது. எட்டிப் பார்க்கவில்லை.